பனி நாட்டில் ஒரு பழைய கார் தேடி

பின்மார்க் என்ற பெயரை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் யாழ்ப்பாணத்தில் சில வீடுகளில் அந்தப் பெயர் நன்றாகவே பழக்கம். நோர்வே நாட்டின் வடகோடி மாகாணம் அது. எண்பதுகளில் நம் பிள்ளைகள் பலர் அங்குள்ள மீன் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போனார்கள். காலப்போக்கில் பலர் ஒஸ்லோ பக்கம் இடம்மாறிவிட்டார்கள். சிலர் மட்டும் அங்கேயே வேரூன்றிவிட்டார்கள். என் தங்கச்சி அந்தச் சிலரில் ஒருத்தி.

2024 பெப்ரவரியில் அவளோடு ஆறு கிழமை தங்கியிருந்து வரப் போனேன். வானத்தில் பச்சை ஒளி ஆடுவதைப் பார்த்தேன், உண்மைதான். அதைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் எழுதப் போவது ஒரு பழைய காரைப் பற்றி. அந்த ஆறு கிழமையில் என் மனதில் ஆழப் பதிந்தது நாங்கள் இருவரும் அந்தக் காரைத் தேடி அலைந்த நாட்கள்தான். கார் வாங்குவது ஆண்களின் அலுவல் என்று ஒதுங்கி நிற்கும் நம்மைப் போன்றவர்கள் தெரிந்துகொள்ள அதில் நிறைய விடயம் இருந்தது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். பின்மார்க்கின் பரப்பு நம் இலங்கையில் ஏறத்தாழ முக்கால் பங்கு. சனத்தொகையோ எழுபத்தையாயிரம் அளவுதான். அங்கே ஹமர்பெஸ்ட் என்றொரு துறைமுக நகரம், திமிங்கிலத் தீவு என்று பொருள்படும் ஒரு தீவில் இருக்கிறது. தங்கச்சிக்கு வேலை அந்த நகரத்து முதியோர் இல்லத்தில். வீடு இருப்பதோ முப்பது கிலோமீற்றர் அளவு தள்ளி, பெருநிலத்தில், குவால்சுண்ட் என்ற சிறு ஊரில். அங்கே வீட்டு விலை குறைவு. இரண்டுக்கும் நடுவில் 1977இல் கட்டிய தொங்கு பாலம் ஒன்று. பாலம் கடந்தால் தெரு கடலை ஒட்டி, மலையடிவாரமாக வளைந்து வளைந்து போகிறது. நவம்பர் இறுதியிலிருந்து ஜனவரி மூன்றாம் கிழமை வரை அங்கே சூரியன் உதிப்பதே இல்லை. நான் போன நேரம் சூரியன் திரும்பி வந்துவிட்டது. பகல் ஆறு மணித்தியாலம் அளவு இருந்தது.

தங்கச்சியின் கணவர் 2021இல் காலமானார். அதுவரை கார் பற்றிய அலுவல் எல்லாம் அவர் கையில். அவர் விட்டுப்போன சிறிய கார் 2023 இலையுதிர் காலத்தில் அரசின் கட்டாய வாகனச் சோதனையில் தேறவில்லை. அடிப்பகுதி கறள் பிடித்து உதிர்ந்துவிட்டதாம். அன்றிலிருந்து கூட வேலை செய்யும் பெண்ணொருத்தியின் காரில் தொற்றிக்கொண்டு போய்வந்தாள். அந்தப் பெண்ணுக்கு லீவு என்றால் இவளுக்கும் லீவு. திடீரென்று இரவு வேலைக்கு ஆள் தேவை என்று தொலைபேசி வந்தால், கூடுதல் சம்பளம் கிடைக்கும் அந்த வேலைக்கு, "என்னால் வர இயலாது" என்று சொல்ல வேண்டியிருந்தது. மகள் ஒஸ்லோவில் படிக்கிறாள். வீட்டுக் கடனும் உண்டு. வருமானத்தில் விழுந்த அந்த ஓட்டை மாதாமாதம் பெரிதாகிக்கொண்டு வந்தது. நகரத்துக்குக் குடிமாறலாமா என்று கூட யோசித்தாள். அப்படியானால் கணவரோடு சேர்ந்து திருத்தி எடுத்த வீட்டை விற்க வேண்டும்.

"அக்கா, இந்த மாசம் ஒரு கார் எடுக்கத்தான் வேணும். அறுபதாயிரம் குரோணருக்கு மேல என்னட்ட இல்லை" என்றாள். அன்றைக்கு ஒரு குரோணர் நம் காசில் முப்பது ரூபா அளவு. பதினெட்டு இலட்சம்! 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதன் பின் இங்கே கார் விலை ஏறியிருந்த ஏற்றத்தில், அந்தக் காசோடு போனால் நல்ல நிலையிலுள்ள பழைய மாருதி ஒன்றுக்கே பேரம் பேச வேண்டும். அங்கே அது அவ்வளவு பெரிய காசில்லை என்றாலும், பத்துப் பன்னிரண்டு வயதான கார் ஒன்று அகப்படும்.

அவள் கார் தேடுகிறாள் என்ற செய்தி பரவியதும் ஆலோசனைகள் குவிந்தன. ஒஸ்லோவிலிருந்து ஒரு அண்ணை தொலைபேசியில் சொன்னார்: "தங்கச்சி, யோசிக்காமல் பெரிய ஜீப் ஒண்டு எடுங்கோ. நாலு சில்லும் இழுத்தால் பனியில ஒரு பயமும் இல்லை." இன்னொருவர் மின்கார் எடுக்கச் சொன்னார். நோர்வேயில் 2024இல் விற்பனையான புதிய கார்களில் பத்தில் ஒன்பது பங்களவு மின்கார்தான். ஆனால் நான்கு சில்லும் இழுக்கும் மின்கார் பழையதாக இருந்தாலும் அவளுடைய கைக்கு எட்டாத விலை. கடுங்குளிரில் ஓடும் தூரமும் குறைந்துவிடும். எல்லோரும் மின்காருக்கு மாறுவதால் பெற்றோல் கார்களின் விலை இறங்கியிருக்கிறது என்பதே இதில் அவளுக்குக் கிடைத்த நன்மை.

ஜீப் கதைக்குத் தங்கச்சி கொடுத்த பதில் எனக்குப் பிடித்திருந்தது. நோர்வேயில் சாரதி அனுமதிப்பத்திரம் எடுப்பவர் எல்லோரும், வழுக்கும் தரையில் ஓட்டும் பயிற்சி ஒன்றைக் கட்டாயமாகச் செய்தாக வேண்டும். அதற்கென்றே வழவழப்பான தனித் தடம் வைத்திருக்கிறார்கள். அதில் ஓட்டவிட்டு, பிறேக்கை அழுத்தச் சொல்வார்கள். கார் நிற்காது. ஸ்ரியறிங்கைத் திருப்பினாலும் திரும்பாது. வழுக்கிக்கொண்டு நேரே போகும். எந்த வேகத்தில் போனால் நிறுத்த முடியாது என்பதை உடம்புக்கே உணர்த்தும் பயிற்சி அது. "அதில ஒண்டு விளங்கிச்சுது அக்கா. போர் வீல் எண்டாலும் எண்டாட்டிலும் எல்லாக் காருக்கும் பிறேக் நாலு சில்லிலயும்தானே? அப்ப நிற்கிற விசயத்தில ஜீப்புக்கு என்ன விசேசம்?"

யோசித்துப் பாருங்கள், எவ்வளவு எளிய உண்மை! நான்கு சில்லும் இழுப்பதால் கிடைக்கும் பலன், கார் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதும் மேட்டில் ஏறும்போதும்தான். இறக்கத்தில் இறங்கும்போதும் நிறுத்தும்போதும் வேலை செய்வது ரயர். இன்னும் சொல்லப்போனால், வழுக்கும் தெருவில் சாதாரண கார் கிளம்பும்போதே தடுமாறி, தெரு எப்படி இருக்கிறது என்று ஓட்டுபவருக்குக் காட்டிக்கொடுத்துவிடும். நான்கு சில்லும் இழுக்கும் கார் ஒன்றுமே நடவாதது போலக் கிளம்பிவிடும். வழுக்கல் தெரிய வருவது பிறேக்கில் கால் வைக்கும்போதுதான். பாரம் கூடிய ஜீப் என்றால் நிற்பது இன்னும் பாடு.

பிறகு ஏன் நான்கு சில்லு இழுவை வேண்டும் என்று தேடினாள்? அவள் வீடு மேட்டில் இருக்கிறது. காலை ஏழரைக்கு வேலை தொடங்குகிறது. பனி தள்ளும் வாகனம் ஊருக்குள் வருவதற்கு முன்பே அவள் புறப்பட்டுவிட வேண்டும். முன்சில்லு மட்டும் இழுக்கும் பழைய காரில், வீட்டு வாசலிலேயே அரை மணித்தியாலம் மண்வெட்டியோடு நின்ற காலைகள் அனேகம். கிளம்புவதற்குத்தான் போர் வீல், நிற்பதற்கு நல்ல ரயர், இரண்டுக்கும் காசை எப்படிப் பிரிப்பது என்பதுதான் அவளுடைய கணக்கு.

கூட வேலை செய்யும் அந்தப் பெண் பூர்வகுடிச் சாமி இனத்தவர். சொந்த ஊர் உள்நாட்டிலுள்ள காராஷோக். நோர்வேயில் இதுவரை பதிவான மிகக் கடுமையான குளிர், மறை 51.4 பாகை, 1886இல் பதிவானது அந்த ஊரில்தான். அவர் கூட வர முடியாமல், ஒரு ரோச் லைற்றும் பழைய கால்மிதி ஒன்றும் கொடுத்தனுப்பினார். கால்மிதி எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

குவால்சுண்டிலிருந்து நூற்றுப் பத்துக் கிலோமீற்றர் அளவு தெற்கே ஆல்தா என்ற நகரம். பழைய கார்கள் அங்கேதான் கூடுதலாக விற்பனைக்கு வரும். பஸ் ஏறிப் போய், தெரிந்த தமிழ்க் குடும்பம் ஒன்றின் வீட்டில் மூன்று இரவு தங்கினோம். ஆல்தாவில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பழமையான பாறைச் சித்திரங்கள் உண்டு. பெப்ரவரியில் அவை பனிக்கடியில் கிடந்தன. சற்று உள்ளே தள்ளிய ஊர் என்பதால் கடலோரத்தை விடக் குளிர். மறை 17 பாகை. மூச்சு விட்டால் சால்வையில் பூப்போல ஒட்டிக்கொள்ளும்.

முதலில் பார்த்தது அந்த அண்ணை சொன்ன மாதிரியான பெரிய ஜீப். பளபளவென்று நின்றது. விலையும் கைக்கு அடக்கம். நான் மயங்கிவிட்டேன். தங்கச்சி கால்மிதியைப் பனியில் விரித்து, அதில் மல்லாக்கப் படுத்து, ரோச் லைற்றோடு வண்டிக்கடியில் புகுந்துவிட்டாள்! ஐம்பது வயதுப் பெண் நடுத்தெருவில் இப்படிக் கிடக்கிறாளே என்று எனக்கு ஒரே வெட்கம். விற்க வந்த மனிதரோ அது வழமைதான் என்பது போலக் கைகட்டி நின்றார்.

எழுந்து வந்தவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். அடிப்பகுதி முழுவதும் புதிதாகக் கறுப்புப் பூச்சுப் பூசியிருந்ததாம். பழைய வாகனத்தின் அடியில் புதுப் பூச்சு என்றால், எதையோ மூடுகிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டுமாம். ஜாக்கி வைக்கும் இடத்தை அவள் விரலால் அழுத்தியபோது பூச்சோடு சேர்ந்து தகடும் உள்ளே போயிற்று. நோர்வேயின் தெற்கில் பனியைக் கரைக்கத் தெருவில் உப்பைக் கொட்டுகிறார்கள். அந்த உப்பு காரின் அடியைத் தின்றுவிடும். வடக்கில் உப்பின் பாவனை குறைவு, மணலும் சரளையும்தான் அதிகம். ஆகவே கார் இதற்கு முன் எந்த ஊரில் ஓடியது என்று கேட்பது, எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று கேட்பதைப் போலவே முக்கியம். அந்த ஜீப் தெற்கிலிருந்து வந்தது.

அதில் இன்னொரு குறையும் உண்டு. பழைய ஜீப்புகளில் பின்சில்லுதான் எப்போதும் இழுக்கும். தேவைப்படும்போது ஒரு பிடியை இழுத்து முன்சில்லையும் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்தபடி காய்ந்த தார்த் தெருவில் ஓட்டக் கூடாது. வளைவில் முன்சில்லும் பின்சில்லும் ஒரே தூரம் உருள்வதில்லை. இரண்டும் ஒன்றோடொன்று இறுகி, கியர்ப் பகுதி பாழாகிவிடும். காட்டுப் பாதைக்கும் சேற்றுக்கும் அது நல்ல ஏற்பாடு. கடலோரத் தெருவோ ஒரு வளைவில் ஐஸ், அடுத்த வளைவில் வெறும் தார், அதற்கடுத்ததில் பனிக்குவியல் என்று மாறிக்கொண்டே இருக்கும். வளைவுக்கு வளைவு பிடியை இழுத்துக்கொண்டிருக்க முடியுமா?

இரண்டாவது, எப்போதும் நான்கு சில்லும் இழுக்கும் வகை. சுபாரு கார்கள் பல அந்த வகைதான். வட நோர்வேயில் அவற்றுக்கு நல்ல பெயர். நாங்கள் பார்த்ததும் அப்படியான ஒரு ஜப்பான் கார். உரிமையாளர் நேர்மையானவர், பராமரிப்புப் புத்தகத்தை ஒளிக்காமல் எடுத்து வைத்தார். தங்கச்சி முதலில் பார்த்தது நான்கு ரயரையும். முன்னால் இரண்டும் புத்தம் புதியவை. பின்னால் இரண்டும் நன்றாகத் தேய்ந்தவை. நமக்கு அது பெரிய விடயமாகத் தோன்றாது. ஆனால் நான்கு சில்லும் ஒன்றாகப் பிணைந்த காரில், தேய்ந்த ரயர் சுற்றளவு குறைந்து வேகமாகச் சுழலும். அந்த வித்தியாசம் நாள் முழுவதும் நடுவிலுள்ள பொறியை அரைத்துக்கொண்டிருக்கும். வெறுமையான வாகனத் தரிப்பிடத்தில், ஸ்ரியறிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக வட்டமடித்துப் பார்த்தாள். கார் யாரோ பின்னுக்குப் பிடித்திழுப்பது போல விக்கி விக்கி நகர்ந்தது. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம். அந்தக் கார் வகையில் பிழையில்லை, அந்த ஒரு காரில்தான் பிழை.

மூன்றாவது வகை, சாதாரண நேரத்தில் முன்சில்லு மட்டும் இழுத்து, வழுக்கும்போது தானாகப் பின்சில்லும் சேர்ந்துகொள்வது. ஸ்கோடா ஒக்ராவியா, ஹொண்டா சீ.ஆர்.வீ., ரொயோட்டா ராவ்-4 இன் பிந்திய மாதிரிகள் எல்லாம் இந்த வகையில் வரும். பெற்றோல் செலவு சற்றுக் குறைவு. ஆனால் முன்னையும் பின்னையும் இணைக்கும் பகுதிக்குத் தனி எண்ணெய் இருக்கும் கார்களில், பலர் அதை வருடக்கணக்காக மாற்றுவதில்லை. பின்சில்லு சேர்வது நின்றுபோனாலும் கோடையில் யாருக்கும் தெரிய வராது. பனி விழுந்த பிறகுதான், போர் வீல் என்று காசு கொடுத்து வாங்கியது வெறும் முன்சில்லுக் கார் என்று விளங்கும். இதைச் சோதிப்பது சுலபம். விற்பவரைப் பனியில் சட்டென்று கிளப்பச் சொல்லிவிட்டு, நாம் வெளியில் நின்று பின்சில்லு பனியை வாரி எறிகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த வேலையை நானே செய்தேன். கார் ஓட்டத் தெரியாத நான் அந்தப் பயணத்தில் செய்த ஒரே தொழில்நுட்ப வேலை அதுதான்!

அப்படி என் மேலெல்லாம் பனியை வாரி இறைத்த கார், 2011ஆம் ஆண்டுச் சுசூகி எஸ்.எக்ஸ்-4. நம் மாருதிக்கு அக்கா முறை என்று வைத்துக்கொள்ளலாம். சிறிய கார், ஆனால் சற்று உயரமாக நிற்கும். உள்ளே ஒரு சிறு சுவிச். ஒரு பக்கம் தள்ளினால் முன்சில்லு மட்டும். நடுவில் வைத்தால் தானியங்கி. மறுபக்கம் அழுத்தினால் குறைந்த வேகத்தில் பின்சில்லும் விடாமல் இழுக்கும். அவ்வளவுதான் நுட்பம். டைமிங் பெல்ட் இல்லை, சங்கிலி. ஆகவே பெல்ட் மாற்றும் பெரிய செலவு வராது. உரிமையாளர் ஓய்வு பெற்ற ஆசிரியை. ஓடியது 1,48,000 கிலோமீற்றர், எல்லாம் பின்மார்க்குக்குள்.

நாங்கள் போனபோது காரின் முன்பக்கத்திலிருந்து ஒரு வயர் தொங்கி, வீட்டுச் சுவரிலுள்ள பிளக்கில் செருகியிருந்தது. மின்காரோ என்று நினைத்தேன். இல்லை. குளிர் நாட்டுப் பெற்றோல் காருக்கும் பிளக் உண்டு! என்ஜினைச் சூடாக்கும் சிறு கருவி அது. புறப்பட இரண்டு மூன்று மணித்தியாலம் முன்பே போட்டுவிடுவார்கள். ஆசிரியை எங்கள் மேலுள்ள மரியாதையில்தான் காரைச் சூடாக்கி வைத்திருந்தார். ஆனால் சூடாக்கிய என்ஜின் யாருக்கும் சுகமாகத்தான் ஸ்டார்ட் ஆகும். பற்றறியின் பலவீனமும் என்ஜினின் நோயும் தெரிவது குளிர்ந்த என்ஜினில்தான். தங்கச்சி அவர் மனம் நோகாதபடி கேட்டாள்: "இன்று இரவு வயரைக் கழற்றிவிட முடியுமா? நாளைக் காலை மறுபடி வருகிறேன்." ஆசிரியை சிரித்துக்கொண்டே சம்மதித்தார். மறுநாள் காலை எட்டு மணிக்குப் போனோம். தங்கச்சி கையுறையைக் கழற்றி, என்ஜின் மூடியில் கைவைத்துப் பார்த்தாள். ஐஸ் கட்டி. திறப்பைத் திருகினாள். ஒரு கணம் முனகிவிட்டு உயிர் பிடித்தது. புகையும் இல்லை, தட்டும் சத்தமும் இல்லை. பிறகு வழமைபோல் கால்மிதி, ரோச் லைற். ஜாக்கி வைக்கும் இடம் ஒன்றில் மேலோட்டமான கறள் இருந்தது, தகடு உறுதியாக இருந்தது.

ஆனால் ரயர் பழசு. ரயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். முதல் இரண்டும் எத்தனையாவது கிழமை, கடைசி இரண்டும் எந்த ஆண்டு என்று சொல்லும். அதில் 3615 என்று இருந்தது. 2015ஆம் ஆண்டின் 36ஆவது கிழமை. அந்த நாட்டில் குளிர்காலத்தில் ரயரின் பள்ளம் குறைந்தது 3 மில்லிமீற்றர் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதற்கு மேல்தான் இருந்தது. ஆனாலும் இறப்பர் இறுகி, அதில் பதித்திருந்த சிறு இரும்பு ஆணிகளில் பல கழன்றிருந்தன. ஆணி பதித்த ரயர் வட நோர்வேயில் ஒக்டோபர் 16 முதல் ஏப்ரல் 30 வரை அனுமதிக்கப்படுகிறது. ஒஸ்லோ போன்ற நகரங்களில் தெருத் தூசி கிளம்புகிறது என்று அதற்குக் கட்டணம் அறவிடுகிறார்கள், அங்குள்ளவர்கள் பலர் ஆணியில்லாத ரயர் போடுகிறார்கள். கடலோரப் பின்மார்க்கில் ஆணி வேண்டும் என்பதே தங்கச்சியின் கட்சி. காரணம் சொன்னாள். மறை 20 பாகையில் ஐஸ் காய்ந்து கிடக்கும், ரயர் ஓரளவு பிடிக்கும். பூச்சியத்துக்குக் கிட்ட வரும்போதுதான் ஐஸின் மேல் மெல்லிய நீர்ப்படலம் நிற்கும். அதுதான் ஆளைக் கொல்லும் வழுக்கல். கடற்கரை ஊர்களில் அரைவாசிக் குளிர்காலம் அந்தப் பூச்சியத்தில்தான் கழிகிறது. கடுங்குளிரை விட இளங்குளிருக்கே பயப்பட வேண்டும் என்பது எனக்குப் புதுப் பாடம்.

ஆசிரியை கேட்ட விலை 58,000 குரோணர். ரயரைக் காட்டி 52,000க்குப் பேசி முடித்தாள். அந்த நாட்டில் காரின் மேல் கடன் இருந்தால் அது வாங்குபவரின் தலையில் விழும். ஆகவே இலக்கத்தகட்டு எண்ணை அரச பதிவேட்டில் போட்டு, கடன் இல்லை என்று பார்த்த பிறகே காசு அனுப்பினாள். பெயர் மாற்றமும் காப்புறுதியும் தொலைபேசியிலேயே முடிந்தன. எங்களுடைய வாகனப் பதிவு அலுவல்களை நினைத்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டேன். நேரே ரயர் கடைக்குப் போய் ஆணி பதித்த புது ரயர் நான்கும் போட்டாள். ஏழாயிரம் குரோணர். "ஒரு வருசம் பழைய ரயரோட சமாளிக்கலாமே?" என்று கேட்டேன். "மலிவாய்க் கார் எடுத்ததே இதுக்குத்தானே அக்கா" என்றாள்.

அன்று மதியம் புறப்பட்டோம். ஆல்தாவுக்கும் தங்கச்சியின் ஊருக்கும் நடுவில் சென்னலாண்டெ என்றொரு மேட்டுநிலம். கடல் மட்டத்திலிருந்து நானூறு மீற்றர் கூட இல்லை, நம் கண்டி நகரத்தை விடப் பதிவு. ஆனால் அந்த வடகோடியில் அந்த உயரத்துக்கே மரம் இல்லை, காற்றைத் தடுக்க ஒன்றுமே இல்லை. காற்றடித்தால் தெருவை மூடிவிடுவார்கள், அல்லது பனி தள்ளும் லொறிக்குப் பின்னால் வாகனங்களைத் தொடராக அனுப்புவார்கள். நாங்கள் போனபோது தடுப்புக் கட்டை இறங்கியிருந்தது. இரண்டு மணித்தியாலம் காத்திருந்தோம். மஞ்சள் அங்கி அணிந்த ஒருவர் காருக்குக் கார் வந்து, பெற்றோல் போதுமா, கனமான உடுப்பு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு, ரயரிலும் ஒரு கண் வைத்துவிட்டுப் போனார். எங்கள் பின்சீற்றில் கம்பளி, இழுவைக் கயிறு, மண்வெட்டி, சுடுதண்ணிப் போத்தலில் தேநீர் எல்லாம் இருந்தன.

கட்டை உயர்ந்தது. அதன் பிறகு நான் கண்டது வெள்ளை மட்டும். வானமும் வெள்ளை, நிலமும் வெள்ளை, நடுவில் கோடு கூட இல்லை. தெருவின் இரு ஓரமும் நட்டிருந்த கம்புகள் ஒவ்வொன்றாக வந்து மறைந்தன. முன்னால் போகும் காரின் இரண்டு சிவப்பு வெளிச்சத்தை மட்டும் பார்த்துப் போக வேண்டும். அதைத் தவற விடவும் கூடாது, அதில் மோதவும் கூடாது. என்ன நடந்தாலும் காரை விட்டு இறங்கக் கூடாது என்பது கட்டளை. நான் தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டேன். தங்கச்சி பேசவே இல்லை. ஸ்ரியறிங்கை முட்டையைப் பிடிப்பது போல மெதுவாகப் பிடித்திருந்தாள். சில இடங்களில் காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளியது. பின்சில்லு சேர்ந்து இழுப்பது அடிவயிற்றில் ஒரு சிறு உந்தல் போல எனக்கே தெரிந்தது.

மேட்டுநிலம் கடந்து வாகனத் தொடர் கலைந்ததும் எல்லோருக்கும் உயிர் வந்தது. வேகமும் வந்தது. கடல் பக்கம் இறங்க இறங்கக் குளிர் குறைந்து, பனி மெல்லிய மழையாக மாறியது. தெரு கறுப்பாக மினுங்கியது. எனக்கு அது நல்ல தெருவாகத் தோன்றியது. தங்கச்சி அங்கேதான் வேகத்தைக் குறைத்தாள். பின்னால் வந்த பெரிய ஜீப் ஒன்று பொறுமையிழந்து எங்களை முந்திக்கொண்டு போனது. நான்கைந்து வளைவு தள்ளி, அது தெருவோரப் பள்ளத்தில் மூக்குக் குத்தி நின்றது. நான்கு சில்லும் சுழன்றுகொண்டிருந்தன. ஓட்டியவருக்குக் காயம் ஒன்றும் இல்லை, பக்கத்தில் இரண்டு வாகனங்கள் நின்று உதவிக்கொண்டிருந்தன. தங்கச்சி பிறேக்கைத் தொட்டபோது காலடியில் கடகடவென்று ஒரு அதிர்வு. சில்லு இறுகிப் பூட்டிவிடாமல் கார் தானே பார்த்துக்கொள்ளும் சத்தம் அது என்றாள். ஆணிகள் ஐஸைக் கீறும் ஓசை, சம்பல் அரைப்பது போலக் கேட்டது. கார் நேராக நின்றது. உதவி தேவையில்லை என்று அவர்கள் கைகாட்டிய பிறகு மெல்ல நகர்ந்தோம்.

தங்கச்சியின் முதியோர் இல்லத்தில் ஒரு அம்மா இருக்கிறார். 1944இல் ஜேர்மன் படைகள் பின்வாங்கிப் போகும்போது பின்மார்க்கின் ஊர்களையெல்லாம் எரித்துச் சனங்களைத் துரத்திவிட்டன. ஹமர்பெஸ்ட் நகரத்தில் மயானச் சிற்றாலயம் ஒன்றைத் தவிர எதுவுமே மிஞ்சவில்லை. குழந்தையாகப் படகில் ஏற்றப்பட்டவர் அந்த அம்மா. இடம்பெயர்ந்த கதை பேச அவருக்குத் தங்கச்சிதான் பொருத்தமான ஆள். இரவில் நித்திரை வராதபோது அவளைத்தான் தேடுவாராம். கார் இல்லாத மாதங்களில் இரவு வேலைக்குப் போக முடியாமல் இருந்ததில், சம்பளத்தை விட அதுதான் தங்கச்சியை உறுத்தியது என்று பிறகுதான் எனக்குச் சொன்னாள்.

கார் வந்து ஒன்பதாம் நாள் மாலை ஐந்து மணிக்குத் தொலைபேசி அடித்தது. யாருக்கோ சுகமில்லை, இரவுக்கு ஆள் வேண்டும். "வாறன்" என்று நோர்வேஜிய மொழியில் ஒற்றைச் சொல்லில் சொல்லிவிட்டு, வெளியே போய் வயரைச் சுவரில் செருகிவிட்டு வந்து, எனக்குச் சோறு போட்டாள்.

அந்தச் சாமிப் பெண் தன் கால்மிதியைத் திருப்பிக் கேட்டபோது, தங்கச்சி கடையில் புதிது ஒன்று வாங்கிக் கொடுத்தாள். பழையது காரின் பின்பெட்டியில் மண்வெட்டியோடும் கயிற்றோடும் கிடக்கிறது.